பனிக்குள்ளிருந்து வந்த பாத்திரச் சத்தம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மார்கழிக் கடைசியில் ஒரு காலை. நண்டு வாங்கலாம் என்று கடலூர் செம்மண்டலத்திலிருந்து பிச்சாவரம் பக்கம் என் மனைவியின் அண்ணன் வீட்டுக்குப் போனோம். கூடவே எங்கள் மாடியில் குடியிருக்கும் முன்னாள் ராணுவக்காரர். பீரங்கிப் படையில் இருந்தும் ஒரு குண்டு சுட்டதில்லை அவர். எதிரியின் பீரங்கி எங்கே நிற்கிறது என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கும் பிரிவாம். “ஒட்டுக்கேட்டதுக்கா சார் பென்ஷன்?” என்று சிதம்பரம் வரைக்கும் கேலி செய்தேன். சிரித்துக்கொண்டார்.

போய் இறங்கினால் கரையெல்லாம் கூட்டம். விடியலில் வலையெடுக்கத் தனியே போன மச்சானின் படகு, சுரபுன்னைக் காட்டுக்குள் கட்டையில் மோதிக் கவிழ்ந்திருக்கிறது. “கால் வேர்ல மாட்டிக்கிச்சு, தண்ணி ஏறுது” என்று போனில் சொன்னவர், இடம் சொல்வதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. ஒரே பனி. எதிர்மரம் தெரியவில்லை. படகில் தண்ணீர் இறைக்கும் அலுமினியப் பாத்திரத்தை எங்கோ அவர் தட்டும் சத்தம் மட்டும், நாலு பக்கமிருந்தும் வருவதுபோல் வந்தது. கூட்டம் கத்தியது, பட்டாசு வெடித்தது, இரண்டு விசைப்படகுகள் தோன்றிய திசையில் ஓடின.

“எல்லாத்தையும் நிறுத்துங்க” என்றார் மாடிவீட்டுக்காரர்.

“கூப்புடாம எப்படி சார் வருவான்?” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“அவரால வர முடியாதுங்க. நாமதான் போவணும்.”

மூன்று கைப்பேசிகளை ஒலிப்பதிவு செய்ய விட்டு, மூன்றிலும் ஒரே நொடியில் பதியும்படி நடுவில் ஒருமுறை ஓங்கிக் கை தட்டினார். ஒன்று என் கையில். மற்ற இரண்டும் மோட்டார் சைக்கிளில் கரையின் இரு கோடிகளுக்குப் போயின. அப்புறம் ஐந்து நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. என் மனைவி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றாள். அந்த அமைதிக்குள் பாத்திரச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

கைப்பேசிகள் திரும்பி வந்தன. கைதட்டலிலிருந்து கணக்கிட்டு, பாத்திரச் சத்தம் எதில் முந்தியது, எதில் எத்தனை நொடி பிந்தியது என்று பார்த்து, திரையில் விரிந்த காட்டின் படத்தில் ஓர் இடத்தைத் தொட்டார். படகுகள் தேடியதற்கு நேர் எதிர்ப்பக்கம்.

பாத்திரச் சத்தம் காதில் விழ வேண்டும் என்று துடுப்புப் போட்டே போனார்கள். கழுத்தளவுத் தண்ணீரில், பாத்திரத்தைத் தலைக்கு மேல் பிடித்தபடி இருந்தாராம் மச்சான். கரையேறியதும் என்னைத்தான் பார்த்தார்.

“ஏன் மச்சான், பட்டாசு சத்தம் கேட்டுது. அதுக்குள்ள எனக்குப் பாடை கட்டிட்டீங்களோன்னு நெனச்சேன்.”

அழுதுகொண்டிருந்த என் மனைவி சிரித்துவிட்டாள். மாடிவீட்டுக்காரர் சிரிக்கவில்லை. “பட்டாளத்துல நாங்க எடம் சொன்னா, அந்த எடத்துக்குக் குண்டுதான் போவும். இன்னிக்குத்தான் படகு போயிருக்கு” என்றார் மெல்ல.

இப்போதெல்லாம் யாராவது கலங்கி வந்து எதிரில் உட்கார்ந்தால், ஆறுதல் சொல்லத் துடிக்கும் நாக்கை ஐந்து நிமிடம் அடக்கிவைக்கிறேன். பெரும்பாலும் அவர் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பது அதற்குள் கேட்டுவிடுகிறது.