வரி விலக்கும் ஒரு படப்பெட்டியும்

சினிமாக் கொட்டகையில மேனேஜர்னு சொன்னா பொண்ணு குடுப்பாங்கன்னு நம்பி அந்த வேலைக்குப் போனவங்க யாராவது இருந்தா, நீங்க என் கட்சி. 2006ல மரக்காணத்துல எனக்கு அந்த உத்தியோகம். டிக்கெட் கிழிக்கிறது, திண்டிவனத்துல ஓடி முடிஞ்ச படப்பெட்டியை பஸ்ஸுல தூக்கிட்டு வர்றது, எல்லாம் மேனேஜர்தான். முதலாளிக்கு உப்பளமும் இருந்துச்சு. மழை வர்றதுக்குள்ள கூட்டம் சேரலைன்னா கொட்டகையில உப்பு மூட்டையை அடுக்கிடுவேன்னு சொல்லிட்டார். எனக்கு வேற பொழப்பு கிடையாது.

தமிழ் பேசின வெள்ளைக்காரன்

தமிழ்ப் படத்துக்கு ஆளு வரலைன்னு டப்பிங் இங்கிலீஷ் படம் ஒண்ணு போட்டோம். முதலைக்கும் வெள்ளைக்காரனுக்கும் சண்டை. பாதிக் கொட்டகை ரொம்பிடுச்சு. தமிழ்க் கலை என்னாவறதுன்னு எனக்கு ஒரே கவலை. முதலாளி உப்பளத்துல உப்பு வார்ற அஞ்சலையக்காவை, இதுல அப்படி என்னாக்கா இருக்குதுன்னு கேட்டேன்.

"அந்த வெள்ளைக்காரன் பேசறது புரியுது மேனேஜரே. எங்க மேஸ்திரி பேசறதுதான் புரியலை."

வாசல்ல கட்டின தட்டி

தமிழ்ல பேரு வச்ச தமிழ்ப் படத்துக்குக் கேளிக்கை வரி கிடையாதுன்னு அந்த வருஷம் அரசாங்கம் சொல்லிடுச்சு. எனக்குத் தலைகால் புரியலை. 'வரி விலக்கு பெற்ற படம்'னு வாசல்ல பெரிய தட்டி கட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, பார்த்துட்டு ஜனம் வந்துச்சு. வந்து டிக்கெட் விலையைக் கேட்டுச்சு. விலை அப்படியேதான் இருந்துச்சு, குறைக்க முதலாளி ஒத்துக்கலை. அஞ்சலையக்கா தட்டியையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்துச்சு.

"வரியைத் தள்ளினது எங்களுக்கா, நம்ம முதலாளிக்கா?"

சேகர் வீட்டு ஷோ

கடைசியா முதலாளி கையில கால்ல விழுந்து பெரிய ஹீரோ படம் ஒண்ணு பேசி வச்சேன். திண்டிவனத்துல ஓடி முடிஞ்சாத்தான் பெட்டி நமக்கு. நான் அங்க காத்துக் கெடக்கறேன். அதுக்குள்ள, சென்னையில எடுத்த அதே படம் சிங்கப்பூருக்குப் போயி, அங்கேர்ந்து திருட்டு விசிடியா ஒரு பையில ஏறி, பக்கத்துக் குப்பத்துக்கே வந்துடுச்சு. கொண்டாந்தது மீன் புடிக்கிற சேகரோட மச்சான். சேகர் எந்தப் படத்துக்கும் மொத ஆளா வர்றவன். ஊரே அவன் வீட்டுல உக்காந்து பார்த்துடுச்சு. பெட்டியோட வந்து எறங்கினவன் நேரா அவன்கிட்ட போயிக் கத்தினேன். ஆத்திரம் தாங்கலை.

"என்னா பண்றதுண்ணே, சிங்கப்பூரு கிட்டக்க இருக்குது. திண்டிவனம்தான் தூரம்."

மழை வந்த அன்னைக்கு

முதலாளி சொன்ன சொல் தவறலை. பெஞ்சு, தரை டிக்கெட்டு, ஒரு எடம் விடாம உப்பு மூட்டை ஏறிடுச்சு. சாவியைக் குடுத்துட்டு வாசல்லயே நின்னேன். அழுகையா வந்துச்சு. கடைசி மூட்டையை எறக்கிட்டு வந்த அஞ்சலையக்கா முந்தானையில முகத்தைத் துடைச்சுக்கிச்சு.

"நீ மேனேஜரானதுலேர்ந்து இன்னைக்குத்தாம்பா ஹவுஸ்ஃபுல்லு."

தமிழ்ப் படத்தைக் காப்பாத்த அரசாங்கம் இருந்துச்சு, சிங்கப்பூருக்கு ஏத்திட்டுப் போக ஏரோப்பிளேன் இருந்துச்சு, திண்டிவனத்துலேர்ந்து மரக்காணத்துக்குக் கொண்டாரத்தான் ஒரு டவுன் பஸ்ஸும் நானும்.