அஷ்டமியில் ஒரு வாட்டர் பார்க்

கூட்டமே இல்லாத நாளில் வாட்டர் பார்க் போகவேண்டுமா? என்னைக் கேளுங்கள். போன வாரத்துக்கு முந்தின வாரம்தான் போய்விட்டு வந்தேன். கேளம்பாக்கம் தாண்டிப் புதிதாகத் திறந்திருக்கிறார்களே, அங்கே. ஞாயிற்றுக்கிழமை போன எதிர்வீட்டுக்காரர்கள் ஒரு சறுக்குக்கு க்யூவில் நின்று நின்றே தலை காய்ந்துபோய்த் திரும்பினார்கள். நான் அப்படிப் போவேனா?

தினசரி காலண்டரைப் புரட்டினேன். ஊரெல்லாம் நல்ல நாள் பார்க்கும். நான் கெட்ட நாள் தேடினேன். கிடைத்தது! திங்கட்கிழமை... அஷ்டமி... கிழக்கே சூலம். எங்கள் சேலையூரிலிருந்து பார்க் இருப்பதும் கிழக்கேதான். போதாததற்கு ஏழரைக்கு ராகு காலம் ஆரம்பம். சரி, ஏழே முக்காலுக்குக் கிளம்புவோம் என்று முடிவு செய்தேன். தாம்பரம் பக்கத்தில் எந்தக் குடும்பம் அந்த நேரத்தில் வாசற்படி தாண்டும்?

இவ்வளவு பாடு எதற்கு என்கிறீர்களா? இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்ப்பது தெரியும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாத லீவு. போன தடவை வந்தபோது எங்கள் நித்யாவுக்குப் பேச்சே சரியாக வரவில்லை. இப்போது யூ.கே.ஜி. ஃபோனில் 'அப்பா, அப்பா' என்று கொஞ்சுவாள். ஆனால் வந்து இறங்கிய மனிதரை நேருக்கு நேர் ஒரு தடவைகூட அப்பா என்று கூப்பிடவில்லை. எதுவானாலும் என் வழியாகத்தான். "அம்மா, அவங்களைத் தள்ளி உக்காரச் சொல்லு."

அவங்களை!

லீவோ முடியப் போகிறது. வீடோ கல்யாண வீடு மாதிரி. சென்ட் பாட்டிலுக்கும் தைலத்துக்கும் வந்த உறவுகள் இட்லிக்கும் தங்கிவிட்டார்கள். இந்தக் கூட்டத்தில் குழந்தை எப்படி அப்பாவிடம் ஒட்டும்? நாங்கள் மூன்று பேர் மட்டும் ஒரு நாள் தனியாக இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எனக்கும் அவரிடம் பேசவேண்டியது எவ்வளவோ இருந்தது.

"அஷ்டமியில யாராவது வெளிய கிளம்புவாங்களா அண்ணி?" என்று நாத்தனார் பதறினாள். யாரும் கிளம்பமாட்டார்கள். நீயும் வரமாட்டாய். அதனால்தான் அம்மா இந்த நாள்! வாயைத் திறக்காமல் புளிசாதத்தைக் கட்டினேன்.

என் கணக்கு தப்பவில்லை. க்யூ இல்லை. டிக்கெட் கவுண்டரில் ஆளைக் கூப்பிட்டு எழுப்ப வேண்டியிருந்தது. உள்ளே போனால் பெரிய வேவ் பூல், பொட்டு அலை இல்லாமல் கிடந்தது. பக்கத்தில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒருவர். எப்போது அலை வரும் என்று கேட்டேன்.

"இன்னாக்கா, மூணு பேருக்கா மோட்டார் போடுவாங்க? ஆள் சேரட்டும். ஞாயித்துக்கெழம வந்திருந்தா சும்மா தபா தபா போட்டுகினே இருப்போம். இன்னிக்கின்னு பாத்து வந்துகீறீங்களே!"

உட்கார்ந்தோம். மூன்று பேர். நான் ஆசைப்பட்ட தனிமை.

"ஸ்கூல்ல என்னடா சொல்லிக் குடுக்கறாங்க?" என்று அவர் கேட்டார். நித்யா என்னைப் பார்த்து, "ரைம்ஸ்" என்றாள். "தண்ணியில இறங்கலாமா?" என் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அதன்பிறகு அவருக்கும் கேட்க ஒன்றும் இல்லை. புளிசாதம் சாப்பிட்டோம். எனக்கும் சொல்ல வேண்டியவை ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. வீட்டில் அத்தனை பேர் சத்தத்தில் இந்த மௌனம் வெளியே தெரியாமலே இருந்திருக்கிறது.

"ஃபோன்ல நல்லாத்தான் பேசறா, இல்ல?" என்றார் மெதுவாக.

காலிப் புளிசாத டப்பாவைத் துடைத்து மூடினேன்.

அப்போது கேட்டுக்கு வெளியே ஹாரன் சத்தம். ஒரு பஸ் நிறைய ஜனம் இறங்கியது. படப்பை பக்கத்துக் கிராமத்துச் சர்ச்சிலிருந்து வந்திருந்தார்கள். பெண்கள், குழந்தைகள், மூங்கில் கூடையில் சோற்றுப் பாத்திரம்... என் பக்கத்தில் பையை வைத்த அம்மாவிடம், "இன்னிக்கு அஷ்டமி ஆச்சே!" என்றேன், வயிற்றெரிச்சலில்.

"நாங்க அதெல்லாம் பாக்கறதில்லமா. ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போவணும், அதான் திங்கக்கெழம வந்துகீறோம்" என்று சிரித்தார். அடக் கடவுளே! காலண்டர் பார்க்காத ஜனமும் தாம்பரத்தைச் சுற்றி இருக்கிறது என்பதை நான் காலண்டரில் பார்க்கவில்லை.

பூல் நிறைந்தது. விசில் ஊதினார்கள். மோட்டார் உறுமியது. "வா கண்ணு, நாங்கல்லாம் கீறோம்ல!" என்று அந்த அம்மா நித்யாவின் கையைப் பிடித்து ஆழமில்லாத பக்கம் இறக்கினார். என் வீட்டுக்காரரும் பின்னாலேயே இறங்கினார். முதல் அலை வந்தது பாருங்கள்... அல்லேலூயா, ஐயோ, அம்மாடி, எல்லாம் சேர்ந்து ஒரே கூச்சல். அந்த அம்மாவின் கை நழுவியது. சுற்றிலும் தெரியாத முகங்கள். நித்யா மிரண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அத்தனை தலைகளில் தெரிந்த தலை ஒன்றே ஒன்றுதான்.

"அப்பா!"

ஒரே எட்டில் தூக்கிவிட்டார். கழுத்தைக் கட்டிக்கொண்டவள் அப்புறம் இறங்கவே இல்லை. "அப்பா, இன்னொரு தபா! இன்னொரு தபா!" என்ற கத்தல் கரை வரைக்கும் கேட்டது. நான் துண்டுப் பையோடு கரையில் நின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவர்கள் இரண்டு பேரும் ஒரு தடவையாவது திரும்பி என்னைப் பார்த்திருக்கலாம்.

அந்த வாரமே அவர் கிளம்பிவிட்டார். உறவுகளும் மூட்டை கட்டினார்கள். இப்போது எங்கள் வீட்டில் பாத்ரூமுக்கு க்யூ இல்லை, டிவிக்குச் சண்டை இல்லை. காலண்டரில் எந்தத் தாளைக் கிழித்தாலும் கூட்டமில்லாத நாள்தான்.

அப்பா அடுத்த தடவை வரும்போது ஞாயிற்றுக்கிழமைதான் போகவேண்டும் என்று நித்யா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். போகலாம். அந்த வருஷத்துக் காலண்டரை இன்னும் அச்சடிக்கவே இல்லை.