தங்கை கண்ட மலைச் சிங்கம்

ஆஸ்திரேலியாவில், டூங்கபியில் நாலு பேராக வாடகைக்கு இருந்த வீட்டில், இன்டர்நெட் ஒழுங்காகக் கிடைத்த இடம் சமைக்கிற குசினி மட்டும்தான். 2012 குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, வேலைக்குப் போகமுன் அங்கே கதிரையைப் போட்டுத் தங்கையை ஸ்கைப்பில் அழைத்தேன். அவள் கல்யாணமாகிக் கனடாவின் மேற்குக் கரையில், காட்டை ஒட்டிய சின்ன ஊரொன்றில் இருந்தாள். நான் படகில் அகதியாக வந்தவன். என்னுடைய தற்காலிக விசாவில் வெளியே போனால் திரும்பி வர முடியாது. அவளுடைய மகனைத் திரையில் மட்டுமே கண்டிருந்தேன்.

அவளுக்கு அது வெள்ளி பின்னேரம். முகம் வெளிறியிருந்தது.

“அண்ணா, காலமை மலைச் சிங்கம் ஒண்டைக் கண்டனான்.”

மகனோடு வீட்டுக்குப் பின்னாலுள்ள பாதையில் நடந்திருக்கிறாள். வளைவில், பிடரியில்லாத பெரிய காட்டுப் பூனை போல, மண் நிறத்தில், நீண்ட வாலோடு அது நின்றிருக்கிறது.

“ஓடினியே?”

“ஓடக்கூடாது அண்ணா, துரத்தும். முதுகும் காட்டக்கூடாது எண்டு இஞ்ச எல்லாருக்கும் சொல்லித் தந்திருக்கினம். அதில இருந்து கண்ணை எடுக்காமலே பிள்ளையைத் தூக்கினன். மற்றக் கையால ஜாக்கெட்டை விரிச்சு என்னைப் பெரிசாக் காட்டினன். சத்தமாக் கதைச்சுக்கொண்டு மெல்ல மெல்லப் பின்னால போனன்.”

“என்ன கதைச்சனி?”

கொஞ்சம் தயங்கினாள். “இங்கிலிஷ் ஒண்டும் வாயில வரேல்ல. ‘அண்ணா வாறார், போ அங்கால’ எண்டு கத்தினன்.”

அது சற்று நேரம் பார்த்துவிட்டு மரங்களுக்குள் போய்விட்டதாம்.

பள்ளிக்கூடம் போகும் வழியில் நாய் குரைத்தாலும் அவள் இப்படித்தான் சொல்வாள். அப்போது நான் உண்மையிலேயே பின்னால் வந்துகொண்டிருப்பேன்.

மகன் திரைக்குள் தலையை நீட்டினான். “மாமா, ஆர் யூ வெரி பிக்?”

எழுந்து நின்று கைகளை உயர்த்திக் காட்டினேன். என் சட்டை மட்டும்தான் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். “ஐ கான்ட் சீ யுவர் ஃபேஸ்,” என்றான். குனிந்து முகத்தைக் காட்டினேன்.

“இனித் தனியப் போகாத,” என்றேன் தங்கையிடம்.

“ஓம். பக்கத்து வீட்டு அன்ரி துணைக்கு வாறன் எண்டவ.”

அந்த அன்ரியை நான் கண்டதில்லை. வேலைக்குப் போகும் ரயிலில், அவர்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டே போனேன்.