கடைசி வரியில் என் கடைப் பெயர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, வெயில் ஏறத் தொடங்கிய மே மாதத்தில், டெக்சாஸில் டாலஸுக்கு வடக்கே இருக்கும் என் அச்சகத்தில் தொடங்கியது இது. கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். கடைப் பெயரைச் சொல்லாமல் நான் யாரிடமும் ஐந்து நிமிடம் பேசியது கிடையாது.

முதலில் என்னைப் பற்றி. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. சிவகாசியில் அச்சு மிஷினைத் துடைக்கப் போனவன், அதைப் பிரித்துப் பூட்டும் அளவுக்கு வந்தேன். இங்கே நர்ஸாக இருந்த என் அக்கா மனுப் போட்டு, பதிமூன்று வருடம் காத்திருந்து, நாற்பத்தாறு வயதில் கிரீன் கார்டோடு வந்து இறங்கினேன். அப்போது எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் மிஷின் பாகங்களின் பெயர்கள்தான். இன்றைக்கு பிளானோ, ஃபிரிஸ்கோ பக்கம் தமிழ்க் கல்யாணமோ அரங்கேற்றமோ கோயில் விழாவோ, எதுவானாலும் அழைப்பிதழ் என் கடையில்தான். டிகிரி படித்த பிள்ளைகள் கம்ப்யூட்டரில் கலரைப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருக்கும்போது, நான் காகிதத்தைத் தடவிப் பார்த்தே மை கூடுதலா குறைவா என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். பெருமைதான். ஆனால் உண்மை.

என் கடையிலிருந்து வெளியே போகும் எந்தக் காகிதத்திலும் கடைசி வரியில், பொடி எழுத்தில், என் கடைப் பெயரும் ஊரும் இருக்கும். நம் ஊரில் அது சட்டம். சாதாரண நோட்டீஸ் அடித்தாலும் அச்சிட்டவர் பெயர் அடியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் போலீஸ் நேராக அச்சகத்துக்குத்தான் வரும். அந்தப் பழக்கத்தை விமானத்தில் கூடவே கொண்டுவந்தவன் நான்.

அந்த மே மாதம் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி கடைக்கு வந்தார். தென் அமெரிக்காவில் ஒரு நாட்டுக்காரர். எந்த நாடு என்று எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார். அங்கே பத்தொன்பது வருடம் பத்திரிகை நிருபராக இருந்தவர், இங்கே ஓர் ஆபீஸ் வளாகத்தில் துப்புரவு வேலை பார்த்தார். ஸ்பானிஷ் மொழியில் மாதம் ஒரு நாலு பக்கப் பத்திரிகை அடிக்க வேண்டும், தன் நாட்டுக்காரர்கள் வந்துபோகும் பேக்கரி, சலூன், துணி துவைக்கும் கடைகளில் இலவசமாக வைக்க வேண்டும் என்றார். எங்கள் இரண்டு பேர் இங்கிலீஷும் ஒரே தரம். அதனால் கூச்சமில்லாமல் பேசிக்கொண்டோம்.

அவர் கொடுத்த பக்கங்களைப் பார்த்தால் எழுதியவர் பெயர் இல்லை, ஆசிரியர் பெயர் இல்லை, முகவரி இல்லை. சரி, அது அவர் பாடு. என் கடைசி வரியும் வேண்டாம் என்றார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த நாட்டில் அது சட்டமா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காரணம்கூடச் சொல்லவில்லை.

முதல் இதழைப் பெயரில்லாமல்தான் அடித்தேன். படங்களில் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் வந்திருந்தது. அப்படி ஒரு வேலை. அதன் அடியில் என் பெயர் இல்லாதது பல்லிடுக்கில் பாக்குத் துண்டு மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. இரண்டாம் இதழுக்கு அவர் ப்ரூஃப் பார்த்து, சரி சொல்லிவிட்டுப் போன பிறகு, அச்சுக்கான பிளேட் எடுக்கும் முன்பு நாலாம் பக்கத்தின் அடியில் என் வரியைச் சேர்த்துவிட்டேன். ஆறு பாயிண்ட் எழுத்து. கண்ணாடி போட்டால்தான் தெரியும். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். யாரும் பார்க்காத இடத்தில் எதற்குப் போட்டீர்கள் என்று என் மனைவி பிறகு கேட்டாள்.

மனைவிதான் கடையில் மடிப்பு வேலை பார்ப்பவள். மை காயும்வரை அந்தப் பெண்மணியை உட்காரவைத்து டீ கொடுப்பாள். அவர் மனைவியை அக்கா என்றும் என்னை அண்ணா என்றும் கூப்பிடக் கற்றுக்கொண்டார். அப்படி ஒரு சனிக்கிழமை மனைவியிடம் அவர் சொன்னதெல்லாம் கட்டிங் மிஷின் பக்கம் நின்றிருந்த என் காதிலும் விழுந்தது. அவருடைய பத்திரிகை ஆபீஸை அரசாங்க ஆட்கள் பூட்டி சீல் வைத்துவிட்டார்களாம். கூட வேலை பார்த்தவர் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்று எழுதினாராம். அதற்காகச் சிறையில் இருக்கிறாராம். இப்போது செய்தியும் படமும் அங்கிருந்து அனுப்புவது இவருடைய தம்பி. பள்ளிக்கூட வாத்தியார். அது யாருக்கும் தெரியாது என்றார்.

மூன்றாம் இதழிலும் என் வரியைப் போட்டேன். அது வந்து சில நாட்கள் கழித்து மதிய நேரத்தில் ஒரு போன். நல்ல மரியாதையான ஆண் குரல், பேசிய இங்கிலீஷ் அந்தப் பெண்மணியின் இங்கிலீஷ் போலவே இருந்தது. பேக்கரியில் பத்திரிகையைப் பார்த்தேன், அடியில் உங்கள் கடைப் பெயர் இருந்தது, இவ்வளவு நேர்த்தியான அச்சை நான் பார்த்ததே இல்லை என்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இதை நடத்துகிறவரைக் கூப்பிட்டுப் பாராட்ட வேண்டும், யார் அவர் என்றார். சொன்னேன். பெயரைச் சொன்னேன். அப்புறம் அவர் கொஞ்சம் இழுத்தார். இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறாரே, செய்தியெல்லாம் நிஜம்தானா என்றார்.

என் கடைச் சரக்கை ஒருவர் சந்தேகப்பட்டால் எனக்குத் தாங்காது. பொய்ச் செய்தியை நாங்கள் அடிக்க மாட்டோம், அவருடைய சொந்தத் தம்பியே அங்கே வாத்தியாராக இருந்துகொண்டு படம் எடுத்து அனுப்புகிறார் என்றேன். மிக்க நன்றி என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் மனைவியிடம் இதைப் பெருமையாக வேறு சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

பத்து நாள் கழித்து, ஒரு வேலை நாளில், அந்தப் பெண்மணி யூனிஃபார்மோடு கடைக்கு வந்தார். பத்திரிகையை மேஜைமேல் வைத்து நாலாம் பக்கத்தைத் திருப்பி, என் வரிமேல் விரலை வைத்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது போட்டிருப்பேன்.

தம்பியைப் பள்ளிக்கூட வாசலில் சாதாரண உடையில் வந்தவர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆறு நாளாக எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. தம்பியின் மனைவி போலீஸில் அலைந்து விசாரித்தபோது, “படம் எடுத்தது அவன்தான். டெக்சாஸில் பிரிண்ட் போடுகிற ஆளே சொல்லிவிட்டான்” என்றார்களாம்.

அவ்வளவையும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மனைவி வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

“ஏங்க, கடைக்கு ரெண்டு பூட்டு போடுறீங்க, கேமரா வைக்கிறீங்க. உங்க வாய்க்கு ஒரு ஷட்டர் போட்டிருந்தா போதுமே” என்றாள்.

எனக்குக் கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. நாலு பக்கம். மடித்தால் சட்டைப் பையில் நிற்கும். அதைப் பார்த்து ஒரு அரசாங்கம் பயப்படுமா? ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்றால் மருந்து வாங்கி வைக்க வேண்டியதுதானே, இல்லை என்று சொன்னவனைப் பிடித்து என்ன செய்வது? அந்தப் போன் நம்பருக்கு அடித்தேன், உபயோகத்தில் இல்லை என்றது. நம் ஊர்க்காரர் ஒருவர் பெரிய வக்கீல், அவரிடம் போகலாம், செனட்டருக்குக் கடிதம் போடலாம் என்று குதித்தேன். என் மகன் கையெடுத்துக் கும்பிட்டான்.

“ப்ளீஸ்பா, நீங்க எதுவும் பண்ணாதீங்க. ஹெல்ப் பண்றேன்னு இன்னும் நாலு பேர மாட்டிவிட்டுருவீங்க” என்றான்.

சும்மா இருக்க என்னால் முடியாது. என் பெயர் இருக்கும் இதழ்களையாவது திரும்ப எடுத்துவிடலாம், இனி எவனும் போன் செய்ய வழி இருக்காது என்று, சனிக்கிழமை வெயிலில் மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பேக்கரி, சலூன், இன்னொரு பேக்கரி என்று ஸ்டாண்டுகளில் இருந்ததை எல்லாம் அள்ளி வண்டியில் போட்டேன். கடைசியாக ஒரு துணி துவைக்கும் கடை. அங்கே எழுபது வயதுக்காரர் ஒருவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நான் பத்திரிகைக் கட்டைத் தூக்கியதும் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“எங்கள் ஊரிலும் கடைக்குள் வந்து இப்படித்தான் அள்ளிக்கொண்டு போனார்கள். இங்கேயும் ஆள் அனுப்பிவிட்டார்களா?” என்றார்.

நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் காகிதத்தை ஜனங்கள் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் தொழில். அன்றைக்கு நான் அவர் கண்ணுக்கு யாராகத் தெரிந்தேன் என்று நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நடந்ததைச் சொன்னேன், ஆள் பெயர் எதுவும் சொல்லாமல். அந்த அளவுக்காவது புத்தி வந்திருந்தது. அவர் கையை விட்டார். எடுத்துக்கொண்டு போ, ஆனால் திரும்பக் கொண்டுவா, எங்கள் ஊர் நிலவரம் எனக்கு இதில் மட்டும்தான் வருகிறது என்றார்.

கடைக்கு வந்து கட்டிங் மிஷினில் புதுக் கத்தி மாட்டினேன். எல்லாவற்றையும் தட்டி நேராக அடுக்கி, அடி ஓரத்தில் அரை அங்குலம் வைத்து வெட்டினேன். என் கடைப் பெயர் சேமியா மாதிரி தட்டில் விழுந்தது. அரை அங்குலம் குட்டையாகிப் போன பத்திரிகையை அன்று சாயங்காலமே கடை கடையாகத் திரும்பக் கொண்டுபோய் வைத்தோம். இதனால் என்ன பிரயோஜனம் என்று மகன் கேட்டான். ஒரு பிரயோஜனமும் இல்லைதான். விஷயம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டதே.

அடுத்து வந்த நாட்களில் போன் அடித்தால் நான் மிஷின் பக்கம் போய்விடுவேன். மனைவி தினமும் அந்தப் பெண்மணிக்கு ஒரு மெசேஜ் அனுப்புவாள். பதில் வராது. இருபத்திரண்டாம் நாள் ஒரே வரியில் பதில் வந்தது: தம்பியை விட்டுவிட்டார்கள். ஒரு கையில் இரண்டு விரல் சரியாக மடங்கவில்லை, வாத்தியார் வேலை போய்விட்டது, பாஸ்போர்ட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஆனால் உயிரோடு வீட்டுக்கு வந்துவிட்டார். பிறகு குடும்பத்தோடு பஸ்ஸிலும் நடந்தும் எல்லையைத் தாண்டி அடுத்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அது உறுதியான பிறகுதான் இதை எழுத எனக்கு அனுமதி கிடைத்தது.

அந்தப் பெண்மணி இனி என் கடைப் பக்கமே வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். மூன்று மாதம் கழித்து வந்தார். கையில் அடுத்த இதழுக்கான நாலு பக்கம். என் மனைவி டீ போடப் போனாள். நான் மன்னிப்புக் கேட்க நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். ஆரம்பிப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பிரிண்ட் உங்க கடையிலதான் நல்லா வருது, அண்ணா. போனை மட்டும் அக்கா எடுக்கட்டும்” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் கடையில் போன் எடுப்பது என் மனைவிதான். அந்தப் பத்திரிகையும் மாதாமாதம் வந்துகொண்டிருக்கிறது, அதே அரை அங்குலம் குட்டையாக. அந்த அளவே இருக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். இந்த அனுபவத்தின் அடியிலும் என் பெயரைப் போட வேண்டாம் என்று இதை வெளியிடும் ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன். வாழ்க்கையில் நான் அப்படிக் கேட்பது இதுவே முதல் தடவை. மற்றபடி, ஒவ்வொரு மாதமும் மிஷினிலிருந்து நாலாம் பக்கம் வந்து விழுந்து, என் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருப்பதைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது. அது என் வாயின்மேலா, நாலு பக்கக் காகிதத்துக்குப் பயந்து ஒரு வாத்தியாரின் விரலை ஒடிக்கிற பெரிய மனிதர்கள்மேலா என்றுதான் இன்னும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.