பையில் இருந்த பிரதி

ஒரு விஷயத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும்படி ஒரு தெருவையே கேட்டுக்கொண்ட மடையன் நான். வீடு வீடாகப் போய்க் கேட்கவில்லை. சாயாக்கடையில் கேட்டேன். மட்டாஞ்சேரியில் இரண்டும் ஒன்றுதான்.

தொண்ணூறுகளின் கடைசி. அங்கே ஒரு மிளகு வியாபாரியிடம் தமிழ்க் கடிதம் எழுதும் வேலையில் இருந்தேன். முதலாளியும் தமிழர்தான், ஆனால் தாத்தா காலத்திலேயே கொச்சிக்கு வந்துவிட்ட குடும்பம். தமிழ் பேசுவார், எழுத வராது. போடிக்கும் விருதுநகருக்கும் போகும் கடிதங்களை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். "அவன் சரக்குல பாதி தண்ணி, எழுது" என்பார். 'தாங்கள் அனுப்பிய சரக்கில் ஈரப்பதம் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதை அன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று எழுதுவேன். 'காப்பி' என்று எழுத மாட்டேன், 'பிரதி' என்றுதான் எழுதுவேன். பேச்சிலும் அப்படித்தான். படித்தவன் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? அந்தப் பெருமைக்குக் கிடைத்த கூலி பின்னால் வருகிறது.

என் மனைவி கொச்சியிலேயே, பள்ளுருத்தியில் பிறந்தவள். மலையாளத்தில் சண்டை போட்டுத் தமிழில் சமாதானமாகிறவள். எனக்கோ, வந்து இத்தனை வருஷமாகியும், தமிழை மூக்கால் பேசினால் அது மலையாளம் என்கிற அளவுக்குத்தான் தேர்ச்சி.

அவளுடைய அண்ணன் ஷார்ஜாவில் இருந்தார். அங்கே ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்க ஆள் தேடுகிறார்கள், பாஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று போன் செய்தார். எடுப்பதில் ஒரு சிக்கல். எனக்கு முன்னால் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்ட சேதி முதலாளி காதுக்கு எட்டிய அன்றே அவர் நாற்காலி காலியாகிவிட்டது. அந்த நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். ஷார்ஜா கிடைக்குமோ கிடைக்காதோ, இருக்கிற வேலை போய்விடக் கூடாது.

மனுவை யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு போலீஸ் வெரிஃபிகேஷன் என்று ஒன்று உண்டே. வீட்டுக்கு வருவார்கள், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். எங்கள் வீட்டுக்குக் கீழே சாயாக்கடை. முதலாளியின் சுமைதூக்கிகள் மூன்று வேளையும் உட்காருகிற இடம். போலீஸ்காரர் அங்கே 'பாஸ்போர்ட்' என்று ஒரு வார்த்தை சொன்னால், கிளாஸ் காலியாகும் முன் அது முதலாளியின் மிளகுக் கிடங்கான பாண்டிகசாலைக்குப் போய்ச் சேரும்.

யோசித்து யோசித்து ஒரு காரியம் செய்தேன். சாயாக்கடைச் சேட்டனைத் தனியே கூப்பிட்டேன். "சேட்டா, என்னைப் பத்தி யாராவது விசாரிச்சு வந்தா ஒண்ணும் சொல்லாதீங்க."

"ஆரு வரும்?"

"யாரோ. போலீஸா கூட இருக்கலாம்."

சேட்டன் கண்ணை விரித்தார். பிறகு நெஞ்சில் கை வைத்தார். "நிங்ஙள் பேடிக்கண்டா. பயப்பட வேண்டாம். நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார்.

கட்டம்போட்ட சட்டையில் மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்த அன்று நான் வேலையில் இருந்தேன், மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கியவர், இப்படி ஒருவர் மாடியில் இருக்கிறாரா, ஆள் எப்படி என்று கேட்டிருக்கிறார். அப்படி ஓர் ஆளே இல்லை என்று சேட்டன் சொல்லிவிட்டார். எதிர்வீட்டுச் சேச்சியும் கேள்விப்பட்டதே இல்லை என்றாராம். அந்தச் சேச்சிக்கு வாரம் தவறாமல் எங்கள் வீட்டிலிருந்து இட்லிமாவு போகும். எதற்காக விசாரிக்கிறீர்கள் என்று சேட்டன் கேட்டதற்கு, "அது நீங்க அறிய வேண்டியதில்லை" என்று வந்தவர் வாயை மூடிக்கொண்டார். கடைசியில், "அப்படி ஒரு ஆள் எப்பவாவது வந்தா, ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்க" என்றாராம்.

"வந்தாப் பறயாம்னு சொல்லிட்டேன்" என்றார் சேட்டன், அன்று மாலை, ஜெயித்த முகத்தோடு.

போலீஸ் காரணம் சொல்லவில்லை அல்லவா, அதைத் தெருவே சொல்லிக்கொண்டது. கடத்தல் தங்கம் என்றது ஒரு பெஞ்சு. சே, அவனுக்கு அவ்வளவு துணிச்சல் ஏது, ஹவாலாவுக்குக் கணக்கு எழுதியிருப்பான் என்றது மற்ற பெஞ்சு. அந்த இரண்டு நாளில் எனக்குக் கிடைத்த மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் இல்லை. பெஞ்சில் இடம் விட்டார்கள். என் சாயாவுக்குப் பால் கூடியது. அதுவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட சுமைதூக்கி ஒருவர் 'அண்ணாச்சி' என்றார்.

மூன்றாம் நாள் ரெக்சின் பையில் ரேஷன் கார்டின் நகல்களை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். மேஜையில் ஓர் இளம் போலீஸ்காரர் எழுதிக்கொண்டிருந்தார்.

"எந்தா?"

"பிரதி கொண்டு வந்திருக்கேன் சார்."

பேனா நின்றது. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "எவிடே?"

"பையில்."

அறையில் இன்னும் இரண்டு பேர் நிமிர்ந்தார்கள். "எத்ர?"

"ரெண்டு சார். ஒண்ணு போதும்னா இன்னொண்ணை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன்."

அவர் மெல்ல எழுந்தார். பையைப் பார்த்துக்கொண்டே, தாழ்ந்த குரலில், "ஜீவனுண்டோ?" என்றார்.

நகல் செல்லுபடியாகுமா என்று கேட்கிறார் போலும். "உண்டு சார். கெஜட்டட் ஆபீசர் கையெழுத்துப் போட்டிருக்கார்" என்று ஜிப்பைத் திறந்தேன். மூவரும் ஓரடி பின்னால் போனார்கள்.

மலையாளத்தில் பிரதி என்றால் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவன். இதை என் மனைவி அன்று மாலை, சிரித்து முடித்த பிறகு, சொல்லித் தந்தாள். ஸ்டேஷனில் யாருக்கும் சொல்லித் தர நேரமில்லை. பைக்குள்ளிருந்து ரேஷன் கார்டு நகல் வெளியே வந்ததும் சிரிப்பில் கூரை அதிர்ந்தது.

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து கட்டம்போட்ட சட்டைக்காரர் வந்தார். என் பெயரைக் கேட்டார், முகத்தில் ஒன்றும் காட்டாமல் உள்ளே அழைத்துப் போனார். சாயா கொண்டுவந்தவர் வெளியேறும்வரை பேசவில்லை. என் மனுவை எடுத்து மேஜையில் கவிழ்த்து வைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். அவர் மலையாளத்தில் சொன்னதை எனக்குப் புரிந்தவரை தமிழில் தருகிறேன்.

"நீங்க இல்லைன்னு உங்க தெருவே சொல்லுது. இருக்கீங்கன்னு நான் எப்படி எழுதறது?"

"அது நான்தான் சார் சொல்லச் சொன்னேன்."

"ஆளே இல்லைன்னு சொல்லச் சொன்னீங்களா?"

"ஒண்ணும் சொல்லாதீங்கன்னு."

நெற்றியைச் சொறிந்துகொண்டார். இதற்கு ஏதாவது செக்‌ஷன் உண்டா என்று யோசித்தாரோ என்னவோ.

"சார், நீங்களே சாயாக்கடையில இது வெறும் பாஸ்போர்ட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா..."

"சொல்லக் கூடாது" என்றார். "ஒருத்தர் எதுக்கு மனுப் போட்டார்ங்கறது அவரோட காரியம். நான் வாயைத் திறந்தா முதலாளிக்கும் தெரியும், கல்யாணம் பேச வந்தவனுக்கும் தெரியும். வெளியே மேஜையில உட்கார்ந்திருக்கிற போலீஸ் பையன்கிட்டகூட நான் சொன்னதில்லை. நீங்க வேணா சொல்லுங்க. உங்க விஷயம், உங்க வாய்."

இப்படி ஒருவர் இருப்பார் என்று தெரிந்திருந்தால் நான் சேட்டனிடம் போயிருக்கவே மாட்டேன். அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள இரண்டு பேர் என்னைத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டால் போதும் என்று அனுப்பிவைத்தார்.

மதிப்புள்ளவர்கள் என்றால் யார்? அதுவரை நான் பழகியதெல்லாம் கடன் கேட்கக்கூடியவர்களிடமும் கேட்கக் கூடாதவர்களிடமும்தான். யோசித்தபடியே பாண்டிகசாலைக்குள் நுழைந்தேன். முதலாளி எனக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் எங்கள் தெருமுனை வக்கீல். நான் ஸ்டேஷனுக்குள் போனதை ஒரு சுமைதூக்கி பார்த்திருக்கிறார்.

முதலாளி எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். மிளகு வாசனை மூக்கில் ஏறியது.

"தம்பி, பையில ஏதோ கொண்டு போனியாமே. என்கிட்ட ஒண்ணும் சொல்லாதே. வக்கீல்கிட்ட சொல்லு. அவர்கிட்ட சொன்னா வெளியே போகாது. நான் வேணா காதைப் பொத்திக்கறேன்."

சொன்னபடியே பொத்திக்கொண்டார். முந்தையவர் நாற்காலி கண்முன் வந்தது. ஆனால் எனக்காக வக்கீலைக் கூட்டிவந்து காதைப் பொத்திக்கொண்டு நிற்கிற மனிதரிடம் எதை மறைக்க?

"முதலாளி, கையை எடுங்க. பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டிருக்கேன்."

கையை எடுத்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"எங்கே?"

"ஷார்ஜா."

வக்கீலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் நாற்காலியையும் ஒருமுறை பார்த்தார். "ஏன் தம்பி, ஷார்ஜாவில யாருக்கு ஈரப்பதம் சற்றுக் கூடுதலாக் காணப்படுது?" என்று கேட்டுவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். முந்தையவரை ஏன் அனுப்பினீர்கள் என்று பல நாள் கழித்துக் கேட்டபோது, "அவன் கையெழுத்து கோழி கிளறினாப்ல இருக்கும். பாஸ்போர்ட் ஒரு சாக்கு" என்றார். அன்று அவரும் வக்கீலுமாகக் கையெழுத்துப் போட்டார்கள். நான் மட்டாஞ்சேரியில் இருப்பது அரசாங்கத்துக்கு உறுதியானது.

பாஸ்போர்ட் வந்தது. ஷார்ஜா வேலை அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டது. பத்து வருஷம் கழித்துப் பாஸ்போர்ட் காலாவதியானபோதும் ஒரு பக்கத்தில்கூட முத்திரை இல்லை. படத்தில் மட்டும் ஹவாலாக்காரன் மாதிரிதான் இருக்கிறேன்.

ஆனால் கையெழுத்து வாங்கிய அன்றைக்கே ஒரு வேலை பாக்கியிருந்தது. சாயாக்கடை நிறைந்திருந்த நேரம் பார்த்துப் போய், எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன்: தங்கமும் இல்லை, ஹவாலாவும் இல்லை, வெறும் பாஸ்போர்ட்.

பெஞ்சில் எனக்காக விட்டிருந்த இடம் மெல்ல நிரம்பியது. சேட்டன் ஆற்றிக்கொண்டிருந்த சாயாவை அப்படியே நிறுத்தி, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அய்யே! வெறும் பாஸ்போர்ட்டா? இதுக்கா நான் போலீஸ்கிட்ட பொய் சொன்னேன்?"