மைக்கைத் தட்டக் கூடாது

ஊரில் அவரை எல்லோரும் ‘ஒன்டூத்ரீ’ என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷமாக மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். எந்தக் கூட்டமானாலும் அவர் மைக்கில் பேசியது மொத்தமே அந்த மூன்று வார்த்தைதான். அதன்பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டால் வாயில்லாப் பூச்சி.

அவரிடம் இரண்டு சட்டம் உண்டு. சத்தம் கூட்டும் திருகில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டிருந்தார். கூட்டம் தொடங்கும்போது திருகு அந்தக் கோட்டில் நிற்கும். முடியும்வரை நகராது. பேசுகிறவர் மந்திரியாக இருந்தாலும் சரி, மூட்டை தூக்குகிறவராக இருந்தாலும் சரி. அடுத்தது, மைக்கை யாரும் தட்டக் கூடாது. “தட்டிப் பாத்து வாங்க அது என்ன பானையா?” என்று பெரிய மனிதர்களைக்கூட அதட்டியிருக்கிறார். உள்ளே இருக்கும் மெல்லிய தகடு அடி தாங்காது என்பது அவர் கவலை.

ஊருக்கு வடக்கே இருந்த வெட்டவெளியில் போலீஸ் பயிற்சிப் பள்ளி கட்டப்போவதாக அறிவிப்பு வந்ததும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. கட்டட ஒப்பந்தக்காரர் ஒரு பக்கம்: வேலை வரும், கடைகள் வரும் என்றார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இன்னொரு பக்கம்: துப்பாக்கிச் சத்தம் வரும், மழைத்தண்ணீர் போக வழியிருக்காது என்றார். திங்கட்கிழமை அவர்கள் கூட்டம், செவ்வாய்க்கிழமை இவர்கள் கூட்டம். இரண்டுக்கும் இவர்தான் மைக்செட்.

“மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் அடி வாங்கப் போறீங்க” என்றாள் மனைவி.

அடி விழவில்லை. அந்தச் சிவப்புக் கோட்டை எல்லோரும் நம்பினார்கள்.

ஆனால் அந்த வெட்டவெளியில்தான் அவர் மகள் தினமும் விடியற்காலையில் ஓடினாள். அவள் ஓடியதே போலீஸில் சேரத்தான். போன தடவை ஓட்டத்தில் இரண்டு நொடி பிந்தியதில் தேர்வு கை நழுவியது. வயது வரம்புப்படி இந்தத் தடவைதான் கடைசி; அதற்கு மூன்று மாதம் இருந்தது. சாலையில் ஓடலாம் என்றால் லாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். வேறு சமதரை ஊரில் கிடையாது. அடுத்த மாதமே வேலி போட்டுவிடுவார்கள் என்று பேச்சு.

“போலீசுக்குப் பள்ளிக்கூடம் கட்டுறோம்னு போலீசாகப் போறவளை விரட்டுறாங்க. இதை யாராவது சொல்ல வேண்டாமா?” என்றாள் மனைவி.

“மைக்குதான் நம்மளோடது. பேச்சு அவங்களோடது” என்றார் அவர்.

நகராட்சிக் கூடத்தில் கருத்துக்கேட்பு நடந்தது. மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி, தன் காதில் விழுவதை எழுதிக்கொள்வதாகவும், எழுதாதது மேலே போகாது என்றும் முதலிலேயே சொல்லிவிட்டார். ஒப்பந்தக்காரர் ஆறடி ஆள். மைக் ஸ்டாண்டைத் தன் உயரத்துக்கு இழுத்துவிட்டுப் பேசினார். பின்னால் வந்த தலைமையாசிரியரும் பனைமர வாகு, அப்படியே பேசினார். மூன்றாவதாக அதிகாரி படித்த பெயர் தன் மகளுடையது என்று தெரிந்தபோது ஒன்டூத்ரீ ஸ்டூலில் நிமிர்ந்தார். அவள் பெயர் கொடுத்திருந்தது அவருக்குத் தெரியாது.

தேர்வுக்கு வேண்டிய உயரத்துக்கு மேல் ஒரு விரற்கடைதான் அவளுக்கு அதிகம். மைக் அவள் நெற்றிக்கு நேராக நின்றது. குரலும் அப்பாவைக் கொண்டது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

“கேக்கல!” என்றது பின்வரிசை.

“அப்பா மாதிரி ஒன் டூ த்ரீயாவது சொல்லும்மா!”

கூடம் சிரித்தது. அதிகாரியின் பேனா தாளில் படாமல் நின்றது. ஒன்டூத்ரீயின் கை திருகுக்குப் போனது.

“என்ன மைக்செட்காரரே, கோடு அழிஞ்சு போச்சா?” என்றார் ஒப்பந்தக்காரர்.

கை திரும்பி மடிக்கு வந்துவிட்டது. ஸ்டாண்டை இறக்கிக் கொடுப்பதும் அவர் வேலைதான். குள்ளமானவர் யார் வந்தாலும் எழுந்துபோய்ச் செய்வார். அன்று திருகையே பார்த்துக்கொண்டிருந்ததில் அது அவருக்குத் தோன்றவேயில்லை.

மகள் மைக்கை ஸ்டாண்டிலிருந்து உருவினாள். விரலை மடக்கி மூன்று தட்டுத் தட்டினாள். தகரக் கூரையில் கல் விழுந்தது போல ஸ்பீக்கர்கள் அதிர்ந்தன. கூடம் அடங்கியது.

“தட்...” என்று பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார்.

“ஐயா, பள்ளி வேணுமா வேண்டாமான்னு நான் பேச வரல” என்றாள் அவள். மைக் வாயோடு ஒட்டியிருந்தது. “நான் போலீஸ்ல சேரத்தான் அங்க ஓடுறேன். மூணு மாசத்துல தேர்வு, இதுதான் எனக்குக் கடைசி. வேலி போட்டுட்டா நான் எங்க ஓடுறது?”

“எவ்வளவு இடம் வேணும்மா?” என்றார் அதிகாரி.

“நானூறு மீட்டர் சுத்து. நானே சுண்ணாம்புல கோடு போட்டு வெச்சிருக்கேன்.”

“குடும்பத்துக்கே கோடு போடுற வியாதி போல” என்றார் யாரோ. அதிகாரியும் சிரித்தார். ஆனால் எழுதினார்.

வீட்டுக்கு வந்து ஒன்டூத்ரீ மைக்கைப் பிரித்துப் பார்த்தார். தகட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“உடைஞ்சிருந்தா?”

“உடையலையேப்பா.”

“எல்லாருக்கும் ஒரே அளவுன்னு நீங்க உக்காந்திருந்தா, குரல் இல்லாதவ என்ன செய்வா?” என்றாள் மனைவி. “அந்த மைக் கம்பியையாவது எறக்கி விட்டிருக்கலாம்ல?”

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. பள்ளி வரும். தலைமையாசிரியருக்கு ஒரு வடிகால் கிடைத்தது. வேலை வெளியூர்க்காரருக்குப் போனதால் ஒப்பந்தக்காரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வேலிக்குள் மேற்கு ஓரத்தில் ஆறு மாதத்துக்குக் கட்டுமானம் கிடையாது. காலை ஐந்திலிருந்து ஏழுவரை ஓடுகிறவர்களுக்குக் கதவு திறக்கப்படும் என்று கடைசிப் பத்தியில் இருந்தது.

முதல் நாள் ஐந்து மணிக்கு மகளோடு அவரும் போனார். கதவில் பூட்டு தொங்கியது. சாவி காவலாளியிடம், காவலாளி தூரத்துக் கொட்டகையில் தூக்கத்தில். மகள் இரண்டு தடவை கூப்பிட்டாள். அந்தச் சத்தம் வேலியைத் தாண்டவில்லை. மணி ஐந்தே கால் ஆயிற்று.

ஒன்டூத்ரீ கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“யோவ் வாட்ச்மேன்! கதவத் திறய்யா! மணியாச்சு!”

மரத்திலிருந்த காக்கைகள் கிளம்பின. கொட்டகையிலிருந்து காவலாளி லுங்கியை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

“மெதுவாப்பா. கோட்டைத் தாண்டிட்டீங்க” என்றாள் மகள்.

கதவு திறந்தது. அவள் சுண்ணாம்புக் கோட்டில் போய் நின்றாள். அவர் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஒன், டூ, த்ரீ” என்றார்.