கன்னியப்பன் வீட்டுக்குள் வந்த மலை

பழைய கம்ப்யூட்டருக்குப் புது சிஸ்டம் ஏற்றுவது, கிழவனுக்கு மாப்பிள்ளை வேஷம் கட்டுகிற வேலை. வேஷம் பொருந்திவிடும், மூச்சுதான் வாங்கும். திருவண்ணாமலையில் நான் செய்துகொண்டிருந்தது அந்த வேலைதான். இனி சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன். ஒரு கட்டி போதாது என்றால் கிரிவலப் பாதையில் லிங்கத்துக்கு ஒரு கட்டி கொளுத்துங்கள், ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வருகிறேன்.

விண்டோஸ் தொண்ணூற்றெட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டியில் ஆசைப்பட்டு எக்ஸ்பி போட்டவர்களே, போட்டதும் பிரிண்டரை இழந்தவர்களே, ஸ்பீக்கர் ஊமையாகிப் போனவர்களே! நீங்களும் நானும் ஒரே படகில் முழுகியவர்கள். அந்த உரிமையில்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

பட்டை நகரும் நேரம்

கடை வேலூர் ரோட்டில், வேங்கிக்கால் போகிற வழியில் இருந்தது. நானும் பாஷா பாயும் கூட்டு. பாஷா பாய் ரேடியோவில் ஆரம்பித்து, டேப்ரிக்கார்டர், டிவி என்று திருகிக்கொண்டே வந்து கம்ப்யூட்டரில் நின்றவர். பெட்டியைத் திறப்பது அவர் வேலை, உள்ளே சிஸ்டத்தை ஏற்றுவது என் வேலை. ஏற்றும்போது திரையில் ஒரு பட்டை நகரும். நகரும் என்பது ஒரு பேச்சுக்குத்தான். ‘இன்னும் சில நிமிடங்கள்’ என்று காட்டிவிட்டு அது யோக நித்திரைக்குப் போய்விடும். நான் பட்டையை ஓடவிட்டுவிட்டு மலை சுற்றக் கிளம்புவேன். அடி அண்ணாமலையில் இளநீர் குடித்து, முழுச் சுற்றும் முடித்து வந்தால் அதே சில நிமிடங்கள் அப்படியே பாக்கி இருக்கும். ஒரு தடவை திரும்பி வந்து பார்க்கிறேன், பெட்டியைச் சுற்றிக் கரையான் புற்று எழும்பி, அதற்கு யாரோ மஞ்சள் தெளித்து, முட்டை வைத்து, பாலும் ஊற்றியிருந்தார்கள். சந்தேகம் இருந்தால் பாஷா பாயைக் கேளுங்கள். இல்லை என்றுதான் சொல்வார். அவருக்கு ஞாபக மறதி.

செங்கம் ரோட்டில் ஆசிரமம் பக்கம் அறை எடுத்திருந்த வெள்ளைக்காரர் பீட்டருக்கு எக்ஸ்பி போட்டேன். வருஷக்கணக்காக இங்கேயே இருந்ததில் நம் தமிழ் அவருக்குப் பழகியிருந்தது. பட்டை தோன்றியதும் அதன் எதிரில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே மயில் அகவியது. மின்விசிறி சுற்றுவதும் பெட்டி உறுமுவதும் ஒரே சுருதியில் சேர்ந்துகொண்டன. அறைக்குள் விழுந்த வெயில் தரையில் நகர்ந்து என் பாதத்தைத் தொட்டபோது, பட்டை நகர்கிறதா, வெயில் நகர்கிறதா, நான்தான் நகர்கிறேனா என்று பிடிபடவில்லை. விழித்துப் பார்த்தால் எல்லாம் ஏறி முடிந்திருந்தது. “முடிஞ்சுது சார்” என்று தோளைத் தொட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “உங்களுது முடிஞ்சுது. என்னுது இன்னும் சில நிமிடங்கள் பாக்கி இருக்கு.”

செல்வராஜ் வீட்டுப் பச்சை மலை

எக்ஸ்பி ஏறி முடிந்ததும் திரையில் என்ன வரும்? நீல வானம், வெள்ளை மேகம், கீழே பச்சைப் பசேலென்று ஒரு மலை. வேறு ஊரில் அது வெறும் படம். எங்கள் ஊரில் விட்டுவிடுவார்களா? வேங்கிக்காலில் அரசாங்க ஆபீஸ் கிளார்க் செல்வராஜ் வீட்டில் அது தோன்றியதும் குடும்பமே எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவர் மனைவி கற்பூரத் தட்டோடு வந்து மானிட்டரைச் சுற்றிக் காட்டினார். படம் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று அப்புறம் ஒரு வழக்கு நடந்தது. “அடி அண்ணாமலைப் பக்கம்தான், அங்கதான் இவ்ளோ பசுமை இருக்கும்” என்று செல்வராஜ் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் அடுத்த வீட்டுக் கன்னியப்பன். பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். வெளியூர் போய்த் திரும்பும்போது பஸ் கண்ணாடியில் மலை தெரிகிற வரைக்கும் யாரிடமும் பேசமாட்டார் என்பார்கள். கிளட்சை மிதித்து மிதித்து முட்டி போய்விட்டது, பௌர்ணமிக்கு மலை சுற்றுவதும் நின்றது. மிச்சம் இருந்தது ஒரு ஜன்னல். காலையில் அதன் வழியாக மலையைப் பார்த்துக் கும்பிட்டால்தான் காபி தொண்டையில் இறங்கும். அந்த நேரம் பார்த்துச் செல்வராஜ் மாடி எழுப்பினார். செங்கல் ஏற ஏற, மலையின் அடிவாரம் போயிற்று, இடுப்புப் போயிற்று, உச்சியும் போயிற்று. கன்னியப்பன் சண்டைக்குப் போகவில்லை. காபியைத்தான் விட்டார். அன்றைக்கு அந்தப் பச்சை மலையைப் பார்த்துவிட்டு, செல்வராஜ் காதில் விழட்டும் என்றே என்னிடம் சொன்னார்: “அசல் மலைய மறைச்சுட்டு, டூப்பு மலைய வாங்கி உள்ள வெச்சிருக்கான் பாரு!”

தட்டுக்கு மூணு பட்டை

மறுநாளே கன்னியப்பன் ஆள் அனுப்பிவிட்டார். “எனக்கும் ஒரு மலை போட்டுக் குடுப்பா. டூப்பா இருந்தாலும் பரவால்ல.” பெங்களூருக்கு வேலைக்குப் போன மகன் விட்டுச்சென்ற பழைய பெட்டி அவர் வீட்டில் இருந்தது. அதன்மேல் பூவேலைத் துணியும், துணிமேல் பிளாஸ்டிக் ரோஜாவும். படம்தானே, பழைய சிஸ்டத்திலேயே ஒட்டிவிடலாம் என்று பார்த்தோம். அதில் நிறம் கெட்டுப்போய், எதை வைத்தாலும் சேற்றில் முக்கி எடுத்தது மாதிரி தெரிந்தது. எக்ஸ்பி போட்டே ஆகவேண்டும். பாஷா பாய் பெட்டியைத் திறந்து, பல்லி முட்டைகளை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு, என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “மெமரி கம்மி, சூடு ஜாஸ்தி. இதுல மலைய ஏத்துனா பொட்டி படுத்துடும், மேஸ்திரி.” ஆனாலும் மனசு கேட்காமல், செத்துப்போன பெட்டிகளில் இருந்து மெமரியைப் பிடுங்கி வந்து சொருகினார்.

நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள், கன்னியப்பன் மனைவி சரோஜா அம்மா அந்த வீட்டு வழக்கப்படி பூஜையை முடித்துவிட்டார். பெட்டிக்கு ஒரு பொட்டு. எக்ஸ்பி இருந்த சிடியின் பளபளப்பான பக்கத்தில் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். அது தெரியாமல் உள்ளே தள்ளினேன். பெட்டி காசநோய்க்காரன் மாதிரி இருமியது. சிடியை வெளியே எடுத்துக் கழுவி மதில்மேல் காயவைத்தால், ஒரு குரங்கு தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தில் உட்கார்ந்து அதில் முகம் பார்த்தது. இடப்பக்கம் திரும்பிப் பார்த்தது, வலப்பக்கம் திரும்பிப் பார்த்தது, விரலால் வகிடுகூட எடுத்துக்கொண்டது. ஒரு சீப்பு வாழைப்பழத்துக்கு அப்புறம்தான் கீழே போட்டது. “ஏம்மா, சிடியில போய்ப் பூசலாமா?” என்று நொந்துபோய்க் கேட்டேன். இடுப்பில் கையை வைத்தபடி சரோஜா அம்மா சொன்னார்: “சாமி மேல பூசுறேன், சாமிக்கே கோவம் வரல. உன் தட்டுக்கு மட்டும் அப்படி இன்னாப்பா கோவம்?”

ஆடு மேய்கிற மேடு

ஏற ஆரம்பித்தது. பட்டை வழக்கம்போல நின்றது. கன்னியப்பன் நாற்காலியில், நான் பாயில், பாஷா பாய் ஆடிக்கொண்டிருந்த பிளக்கைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து, எல்லாரும் தூங்கிவிட்டோம். என் கனவில் மலை மெதுவாக எழுந்து வேங்கிக்காலுக்கு நடந்து வந்து, செல்வராஜ் வீட்டு மாடியை எட்டிப் பார்த்து, ‘கொஞ்சம் தள்ளுப்பா’ என்று கேட்டது. கண்ணைத் திறந்தால் திரையில் பச்சை மலை. கன்னியப்பன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பஸ்ஸில் இருந்து பார்ப்பது மாதிரி தலையைச் சாய்த்து நெடுநேரம் பார்த்தார். “இது நம்ம மலை இல்லப்பா. புல்லு மேடு. ஆடு மேயும், அவ்ளோதான்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கும் அந்த வீட்டில் காபி ஆறித்தான் போயிற்று.

எனக்குப் பொறுக்கவில்லை. பீட்டரிடம் டிஜிட்டல் கேமரா இரவல் வாங்கினேன். கன்னியப்பன் ஜன்னலில் தெரிந்த அதே மலை வேண்டும் என்றால் ஒரே இடத்திலிருந்துதான் எடுக்கமுடியும். செல்வராஜ் வீட்டு மொட்டை மாடி. விஷயத்தைச் சொன்னதும் செல்வராஜ் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழே தெரிந்த ஜன்னலைப் பார்த்தார். திரும்பி மலையைப் பார்த்தார். “ஸ்கூலுக்கு அவர் பஸ்லதாங்க போவேன். தூரத்துல நான் ஓடியாறதப் பாத்துட்டாருன்னா, வண்டிய எடுக்கவே மாட்டாரு” என்றவர், கொடியில் காய்ந்த துணியை எல்லாம் அவரே உருவினார். நான் கேமராவைத் தூக்கியதும் பதறிப்போய்ச் சொன்னார்: “என் தண்ணி டேங்க் படத்துல வராம எடுங்க சார். அங்கயும் போய் நான் மறைக்க வேணாம்.”

உச்சியில் ஒரு புள்ளி

பச்சை மேடு போய் அசல் மலை திரைக்கு வந்தது. மறுநாள் காலையில் கன்னியப்பன் பெட்டியைப் போட்டார், மலை வந்தது, கும்பிட்டார், காபி இறங்கியது. கார்த்திகை தீபத்தன்று, நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோகிறேன் என்று செல்வராஜ் வந்து நின்றார். “வேணாம்ப்பா, மலையே வீட்டுக்கு வந்துட்டுது” என்றார் கன்னியப்பன். நானும் பாஷா பாயும் அவரோடு திரை முன்னால் உட்கார்ந்தோம். சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்தது. மொட்டை மாடிகளில் எல்லாம் தலைகள். திடீரென்று ஊரே ஒற்றைக் குரலில் “அரோகரா!” என்றது. சத்தத்தில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அந்த நொடி, திரையில் இருந்த மலையின் உச்சியில் ஒரு செம்மஞ்சள் புள்ளி. பாஷா பாய் துண்டால் துடைத்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தார். இன்னும் பிரகாசமாயிற்று. மலைமேல் தீபம் எரிந்த நாளெல்லாம் அது இருந்தது, அங்கே குளிர்ந்ததும் இங்கேயும் அணைந்தது. நான்தான் முன்கூட்டியே ஏதோ தில்லுமுல்லு பண்ணி அந்தப் புள்ளியை வைத்தேன் என்று பாஷா பாய் இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறார். நம்பாதீர்கள்.

புள்ளியைக் கண்டதும் கன்னியப்பன் மேஜையைச் சுவரிலிருந்து இழுத்து அறையின் நடுவில் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். போட்டோம். எழுந்து, நாற்காலி முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடந்தார். மலை வலப்பக்கம் இருக்கும்படி, முட்டி நறநறக்க, ஒரு சுற்று. வாசலில் இருந்து பார்த்த செல்வராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவர் பின்னால் நடந்தார். நானும் சேர்ந்துகொண்டேன், பாஷா பாயும் சேர்ந்துகொண்டார். அகல் விளக்கோடு உள்ளே வந்த சரோஜா அம்மா, தரையில் கிடந்த வயர்களைப் பார்த்து அலறினார்: “யோவ், ஒயர மிதிச்சுடாதய்யா, மலை அணைஞ்சுடப் போவுது!”

பழைய பெட்டிக்குப் புதுசு போட்டால் எதெல்லாம் ஓடாது என்று கேட்டால் பொழுது சாய்கிற வரை சொல்வேன், ஆனால் எது நடக்கும் என்பதை அந்த அறையில் சுற்றிவந்த நான்கு பேரைத் தவிர யாரும் நம்பமாட்டார்கள் என்பதால், இதை வெளியில் சொல்லாதீர்கள். வாய் தவறிச் சொல்லிவிட்டால், சொன்னது நானில்லை, பாஷா பாய்.